சிசிஎன்ஏ சேரப் போறீங்களா, பணம் கட்டறதுக்கு முன்னாடி இதப் படிச்சுருங்க

வணக்கமுங்க. எனக்கு கோபி பக்கம், பிசிஏ முடிச்சிருக்கேன். போன வருசம் கோயமுத்தூர் காந்திபுரத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல சிசிஎன்ஏ (ரவுட்டர் செய்யற சிஸ்கோ கம்பெனி வெக்கற நெட்வொர்க்கிங் பரீட்ச) படிக்கன்னு 42,000 ரூவா கட்டி ஏமாந்துட்டேன். இப்ப ரிசல்ட் வந்து புள்ளைங்க எல்லாம் எங்க சேரலாம்னு அலையற நேரம், அதனாலதான் எழுதறேன்.

நானும் எங்கப்பாவும்தான் போனோம். நெட்வொர்க்கிங்ல மொத மொத எந்த சர்டிபிகேட் எடுக்கலாம்னு கேட்டதுக்கு, சிசிஎன்ஏவும் மைக்ரோசாஃப்டோட எம்சிஎஸ்இ சர்டிபிகேட்டும் சேத்து எடுத்தா உடனே வேலைன்னாங்க. எங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "ஏனுங் சார், பரீட்ச பீசும் இதுலயே வந்துருங்களா?" "எல்லாஞ் சேந்ததுதானுங்கப்பா, சர்டிபிகேட்டோடதான் அனுப்புவோம்"னு சொன்னாங்க. வெல ஏறட்டும்னு வெச்சிருந்த மஞ்ச மூட்டைய ஈரோட்டுல போட்டுத்தான் அந்தப் பணத்தக் கட்டுனாரு.

லேப்ல மூணு ரவுட்டர் அடுக்கி வெச்சிருந்தாங்க, ஒண்ணுக்குப் பவர் கார்டே இல்ல, மத்த ரெண்டும் நாலு மாசத்துல ஒரு நாள் கூட ஆன் பண்ணிப் பாக்கல. குடுத்த ஜெராக்ஸ் புக்குல அட்டைலயே 200-125னு போட்டிருந்துச்சு. அது பழைய பரீட்சையோட நம்பருங்க, 2020 பிப்ரவரியோட சிஸ்கோ அத நிறுத்திட்டு 200-301 கொண்டு வந்துருச்சு. எங்களுக்கு ரிப்பும் ஈஐஜிஆர்பியும் (ரவுட்டருங்க டேட்டா போக வழி பாக்கற முறைங்க) வாரக்கணக்குல நடத்துனாங்க, புது சிலபஸ்ல அது ரெண்டும் இல்ல, அதே மாதிரி ஓஎஸ்பிஎஃப்ங்கற முறைதான் இருக்கு, கூட வயர்லெஸ், ஆட்டோமேஷன், ஜேசான்ங்கற டேட்டா எழுதற முறை எல்லாம் வருது, அதப் பத்தி ஒரு வார்த்த கூட சொல்லல. எம்சிஎஸ்இ கதை இன்னும் மோசம், மைக்ரோசாஃப்ட் அத 2021 ஜனவரிலயே நிறுத்திருச்சு, இல்லாத பரீட்சைக்கு எங்ககிட்ட காசு வாங்கிருக்காங்க.

கடைசில லேமினேட் பண்ண ஒரு சர்டிபிகேட் குடுத்தாங்க. நானும் அதுதான் சிசிஎன்ஏன்னு நெனச்சு சரவணம்பட்டில ஒரு இண்டர்வியூக்கு எடுத்துட்டுப் போனேன். அந்த மேடம் அத முன்ன பின்ன திருப்பிப் பாத்துட்டு, "உங்க சிஸ்கோ ஐடி நம்பர் சொல்லும்மா"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அவங்கதான் பொறுமையா சொன்னாங்க, "இது நீ படிச்ச சென்டர் குடுத்ததும்மா, சிஸ்கோ குடுத்ததில்ல, நீ இன்னும் பரீட்சையே எழுதல." எனக்கு அழுகையே வந்துருச்சு. பஸ்ஸுல வர்றப்ப எல்லாம் எங்கப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு ஒரே வெசனம்.

திரும்பப் போயி கேட்டா, கோர்ஸ் பீஸ் வேற எக்ஸாம் பீஸ் வேறங்கறாங்க. ரசீத எடுத்துப் பாத்தா எக்ஸாம்ங்கற வார்த்தையே அதுல இல்ல, அடில பொடி எழுத்துல பணம் திருப்பித் தரமாட்டோம்னு மட்டும் இருக்கு. வேணும்னா டம்ப் (பரீட்சைல வந்த கேள்வி பதில திருட்டுத்தனமா எடுத்தது) தர்றோம், மனப்பாடம் பண்ணி எழுதிருன்னாங்க, தயவு பண்ணி அந்தப் பக்கமே போகாதீங்க, கண்டுபிடிச்சா சிஸ்கோ ரிசல்ட்ட ரத்து பண்ணி மறுபடி எழுத முடியாம தடையே போட்ரும்.

நெசம் என்னன்னா, சிசிஎன்ஏ எழுத எந்த சென்டர்லயும் படிச்சிருக்கோணும்னு கட்டாயமே இல்லீங்க. நம்மளே பரீட்ச நடத்தற பியர்சன் வியூங்கற கம்பெனில பேரப் பதிஞ்சு 300 டாலர் கட்டி, வரி தனி, ரெண்டு மணி நேரம் எழுதோணும், பாஸானா மூணு வருசம் செல்லும். அது பெருசா தெரிஞ்சா அதுக்கும் கீழ சிஸ்கோவே சிசிஎஸ்டின்னு ஒண்ணு வெச்சிருக்கு, 125 டாலர். காம்டியாங்கற அமைப்பு தர்ற நெட்வொர்க் பிளஸ் சர்டிபிகேட் எந்தக் கம்பெனி ரவுட்டரையும் சாராம அடிப்படைய நல்லா சொல்லிக்குடுக்கும், ஆனா நான் வேலைக்குன்னு பாத்த விளம்பரத்துல எல்லாம் சிசிஎன்ஏன்னுதான் கேட்டிருந்தாங்க, அதனால என்னக் கேட்டா அதையே எழுதுங்கம்பேன். பழகறதுக்கு பேக்கெட் ட்ரேசர்னு கம்ப்யூட்டர்லயே நெட்வொர்க் போட்டுப் பாக்கற சாஃப்ட்வேர் இருக்கு, சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமில அக்கவுண்ட் போட்டா ஓசிலயே எறக்கிக்கலாம். பவர் கார்டு இல்லாத ரவுட்டரப் பாத்துட்டு ஒக்காந்திருந்த நாலு மாசத்துல நான் கத்துக்காத சப்நெட்டிங்க (ஒரு நெட்வொர்க்க சின்னச் சின்னதா பிரிக்கற கணக்கு), வீட்டுத் திண்ணைல லேப்டாப்ப வெச்சு மூணே வாரத்துல கத்துக்கிட்டேன்.

யாராவது சேரத்தான் போறீங்கன்னா, எந்த நம்பர் பரீட்சைக்கு நடத்தறீங்க, பரீட்ச பீஸ் இதுல அடங்குமா, ரெண்டையும் ரசீதுலயே எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா எந்திரிச்சு வந்துருங்க, பஸ் காசோட போகட்டும்.