முயல் கடிபொம்மைப் பெட்டி: குச்சிக்கு மட்டும் முழு மதிப்பெண்

முயலுக்கு நாமே பொம்மை செய்யும் பெட்டி ஒன்று வாங்கினேன். அதில் ஆப்பிள் மரக் குச்சிகள்தான் அருமை. பட்டையோடு இருக்கின்றன, வார்னிஷ் இல்லை, முகர்ந்தால் காய்ந்த மர வாசனை மட்டும்தான். எங்கள் சாம்பல் முயல் முதலில் பட்டையை நார் நாராக உரிக்கும், அப்புறம்தான் கட்டையில் பல் வைக்கும். வில்லோ மரக் குச்சியில் பின்னிய பந்தும் சரி. உள்ளே உலர்புல் திணித்துக் கொடுத்தால் நாற்காலிக் கால் தப்பித்தது.

சாயம் பூசிய மணிகளும் கோக்க நைலான் நூலும் எதற்கென்றே தெரியவில்லை. விழுங்கிய நூல் குடலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டு, அச்சு மையோ டேப்போ இல்லாத அட்டைக் குழலில் குச்சிகளைச் செருகினேன். கையேட்டில் 'எந்தப் பழ மரமும் ஆகும்' என்று வேறு எழுதியிருக்கிறார்கள். ஆகாது! செர்ரி, பிளம், பீச் மரங்களின் பச்சைக் கிளைகளில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

வளர்ந்துகொண்டே இருக்கும் முயல் பல் தேய இந்தப் பெட்டியே போதும் என்ற விளம்பரமும் பொய். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது தினமும் தின்னும் உலர்புல். குச்சிகள் தனியாகக் கிடைத்தால் மறுபடி வாங்குவேன்.