நிறத் திருத்தம் எங்கே தங்க வேண்டும்: கிராபிக்ஸ் கார்டிலா, மானிட்டரிலா?

திருமணப் படங்களைத் திருத்தி ஆல்பம் அச்சுக்கு அனுப்பும் வேலைக்காக அண்மையில் மானிட்டர் வாங்க வேண்டியிருந்தது. தரமான ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரைவகை) மானிட்டரை வாங்கி, திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டரால் அளந்து, அதன்படி அமையும் நிறத் திருத்தத்தைக் கிராபிக்ஸ் கார்டில் ஏற்றுவது ஒரு வழி. ஈசோவின் கலர்எட்ஜ், பென்கியூவின் எஸ்டபிள்யூ வரிசைகளைப் போல, திருத்தத்தைத் தன்னுள்ளேயே பதிந்துகொள்ளும் ஹார்டுவேர் கேலிபரேஷன் மானிட்டரை வாங்குவது மற்றொரு வழி. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். கூடுதல் விலைக்கு அது தகும் என்றே கருதுகிறேன்.

கண்ணால் பார்த்துச் சரிசெய்வதைப் போட்டியில் சேர்க்கவில்லை. நீலம் கூடிய திரையையும் சிறிது நேரத்தில் கண் வெள்ளையென்று ஏற்றுக்கொண்டுவிடும். இலக்குகளும் இரு வழிகளுக்கும் பொதுவானவை: வெண்மைக்கு டி65 (பகலொளியை ஒத்த வெள்ளைக்கான தர அளவு), இருளிலிருந்து வெளிச்சம் வரை ஒளி ஏறும் விதத்தைக் குறிக்கும் காமா 2.2, ஒளிர்வு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. முதல் வழியில் உருவாகும் ஐசிசி புரொஃபைலில், அதாவது திரையின் நிற இயல்பைப் பதிந்துவைக்கும் கோப்பில், இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கிராபிக்ஸ் கார்டில் ஏறும் திருத்த வளைவுகள். மற்றொன்று, அந்தத் திருத்தத்துக்குப் பின் திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று லைட்ரூம், போட்டோஷாப் போன்ற படத்திருத்த மென்பொருள்களுக்குச் சொல்லும் விவரம். டிரைவர் புதுப்பிக்கப்படும்போதோ, கணினி உறக்கத்திலிருந்து எழும்போதோ, முழுத்திரை விளையாட்டு ஒன்று திறக்கப்படும்போதோ வளைவுகள் மட்டும் விலகிப்போகலாம். விவரம் அப்படியே இருக்கும். அப்போது மென்பொருள், இல்லாத திருத்தத்தை இருப்பதாகக் கொண்டு நிறங்களைக் கணக்கிடும். எச்சரிக்கை எதுவும் வராது. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் மெல்லிய நீலம் தெரிகிறதே என்று வெண்சமநிலையை மாற்றினால், அச்சில் அதே வேட்டி மஞ்சளித்து வந்து நிற்கும். திருத்தம் மானிட்டருக்குள் இருக்கும்போது இந்த ஐயத்துக்கே இடமில்லை. அதே திரையில் மடிக்கணினியை இணைத்தாலும் திருத்தம் அங்கேயே இருக்கும், அதன் புரொஃபைலை மட்டும் அந்தக் கணினியிலும் நிறுவிக்கொள்ள வேண்டும்.

நுண்மையிலும் இதே காரணம் தொடர்கிறது. 8 பிட் வெளியீட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள்ளன. நீலத்தின் உச்சத்தை 255இலிருந்து 230க்கு இறக்கினால், அந்த 256 படிகளும் 231 இடங்களுக்குள் அடங்க வேண்டும். குறைந்தது 25 படிகள் பக்கத்துப் படியோடு ஒன்றிவிடும். அந்தி வானத்தில் மென்மையாக இறங்க வேண்டிய நிறம் பட்டை பட்டையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். ஹார்டுவேர் கேலிபரேஷன் மானிட்டர்களில் திருத்தம் பதியும் உள் அட்டவணை பெரும்பாலும் 14 அல்லது 16 பிட் நுண்மை கொண்டதால், இந்த இழப்பு அரிது. 10 பிட் வெளியீடு தரும் கார்டுகளில் முதல் வழியின் குறையும் வெகுவாகக் குறைகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

எனினும், இரண்டாவது வழி மானிட்டர் நிறுவனத்தின் மென்பொருளையே சார்ந்திருக்கிறது. நாளைய இயங்குதளத்துக்கு அது புதுப்பிக்கப்படாவிட்டால், பணம் கொடுத்து வாங்கிய வசதி பயனற்றுப் போகும். முதல் வழியில் ஆர்கில்சிஎம்எஸ் போன்ற இலவசக் கருவிகள், எந்த நிறுவனத்தின் மானிட்டர் என்று பாராமல் உதவுகின்றன. பல ஆண்டுகள் கழித்து என் தேர்வு எப்படி நிற்கும் என்பதை, இத்தனை குறுகிய காலப் பயன்பாட்டை வைத்து நான் உறுதியாகச் சொல்ல இயலாது. உள்ளேயே அளவி பொருந்திய உயர்விலை மாடல்களையும் நான் பயன்படுத்தியதில்லை; மற்றவற்றுக்குத் தனிக் கலரிமீட்டர் வேண்டும், காலப்போக்கில் பின்னொளி மாறுவதால் மாதம் ஒருமுறையேனும் அளக்கவும் வேண்டும்.

படங்கள் கைப்பேசித் திரையோடு நின்றுவிடும் என்றால் முதல் வழியே போதும். அதில் செல்பவர்கள், திரையை அரை மணி நேரம் எரியவிட்டு, மானிட்டரின் சொந்த மெனுவிலேயே சிவப்பு, பச்சை, நீல அளவுகளை மாற்றி வெண்மையை டி65க்கு அருகே கொண்டுவந்த பிறகு புரொஃபைல் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் கிராபிக்ஸ் கார்டு திருத்த வேண்டியது சிறிதளவாகவே மிஞ்சும். என்றேனும் வளைவுகள் விலகினாலும் நிறம் பெரிதாகப் பிசகாது.