பத்தமடைப் பாய்க் கணக்குக்குப் பிளான்ட்யூஎம்எல்: என் அனுபவம்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சின்னச் சின்ன வியாபாரங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். மென்பொருளில் என்னென்ன இருக்கும், எது எதோடு சேரும் என்று காட்டும் யூஎம்எல் படம் வரைய எத்தனையோ கருவிகள் இருந்தாலும் நான் விடாமல் வைத்திருப்பது பிளான்ட்யூஎம்எல். 2009-லிருந்து இருக்கிறது, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. மவுஸால் கட்டம் இழுக்கும் வேலையே இல்லை. வரிவரியாக அடித்தால் படம் தானாக வரும்.

இதன் அருமை பத்தமடையில்தான் முழுசாகத் தெரிந்தது. கோரைப் பாய் நெய்யும் பெண்கள் குழு ஒன்றுக்கு ஆர்டரும் கூலிக் கணக்கும் பார்க்க மென்பொருள் கேட்டார்கள். குழுவை நடத்தும் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேச்சைத் தொடங்க ஒரு வரி அடித்தேன்:

"நெசவாளர்" "1" -- "*" "பாய்"

ஒருவர் பல பாய் நெய்யலாம், ஒரு பாய்க்கு ஒருவர்தான் என்று அர்த்தம். படத்தைக் காட்டி விளக்கியதுமே அக்கா, "அது எப்படி தம்பி? சாயம் போடுதவ ஒருத்தி, நெய்யுதவ ஒருத்தி, ஓரம் தைக்கிறவ இன்னொருத்தி. ஒரு பாய்க்கு மூணு பேருக்குக் கூலி போகும்லா" என்றார்.

"1" இருந்த இடத்தில் "1..*" (ஒன்றோ அதற்கு மேலோ) என்று மாற்றினேன், படமும் மாறிவிட்டது. இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் 'வேலை' என்று ஒரு அசோசியேஷன் கிளாஸ், அதாவது இரண்டுக்கும் உள்ள தொடர்பின் விவரங்களை வைத்திருக்கும் கட்டம், வைத்தோம்: என்ன வேலை, எவ்வளவு கூலி, என்றைக்கு. டேட்டாபேஸில் இதுவே தனி டேபிள். பாய் எண்ணும் ஆள் எண்ணும் அதில் ஃபாரின் கீ, அதாவது வேறு டேபிளில் உள்ள பதிவைச் சுட்டும் எண். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து கொடுப்பார்கள் அல்லவா, அந்தப் பெயர்கள் ஆர்டரில் சேருமா பாயில் சேருமா என்று அடுத்த பேச்சு. ஒரே ஆர்டரில் கல்யாணப் பாயோடு சாதாப் பாயும் கேட்பார்களாம். அப்புறம் என்ன, பெயர் பாயோடுதான். டேபிள் போட்டு விவரங்களை ஏற்றிய பிறகு இது தெரிய வந்திருந்தால் பாதியைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

யூஎம்எல் 1997-ல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு ஏற்றுக்கொண்ட தரம். இப்போது அதில் 14 வகைப் படங்கள். இந்த மாதிரி வேலைக்கு, மேலே வரைந்தது போன்ற கிளாஸ் படமும், ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஸ்டேட் படமும் போதும். படம் வெறும் எழுத்தாக இருப்பதால் புரோகிராமோடு சேர்த்து, மாற்றங்களைக் குறித்து வைக்கும் கிட்டில் போட்டுவிடலாம். எந்த வரி எப்போது மாறியது என்று பிறகு பார்க்க முடிவது எனக்குப் பெரிய நிம்மதி.

சிரமங்களும் உண்டு. கட்டங்களை எங்கே வைப்பது என்பதைப் பெரும்பாலும் பிளான்ட்யூஎம்எல் பயன்படுத்தும் கிராஃப்விஸ் என்ற மென்பொருள்தான் முடிவு செய்கிறது. கட்டங்கள் கூடக் கூடக் கோடுகள் பின்னிக்கொள்ளும், அப்போது படத்தை இரண்டாகப் பிரிப்பதே நல்லது. தமிழில் எழுதுபவர்கள் ஃபைலை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்து, தமிழ் எழுத்துரு ஒன்றையும் குறிப்பிட்டுவிடுங்கள். ஆன்லைன் சர்வரில் வரைந்தால் நீங்கள் அடித்த எழுத்து அங்கே போகிறது. வாடிக்கையாளர் வேலை என்றால் ஜாவா போட்டு பிளான்ட்யூஎம்எல்லை உங்கள் கணினியிலேயே ஓட்டுங்கள்.

படத்திலிருந்து டேபிள்களை உருவாக்கும் எஸ்கியூஎல் கட்டளைகள் தானாக வர வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச் என்ற டேட்டாபேஸ் கருவி அதைச் செய்து தரும். நான் டேபிள்களைக் கையால்தான் எழுதுகிறேன், படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு.