தேயிலைக் கணக்கும் கமாண்ட் லைனும்: பவர்வால்ட் எம்டி3200ஐ, பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சுற்றியுள்ள ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை அது. எடைச் சீட்டு, மாதாந்திரப் பட்டுவாடா, குன்னூர் ஏலத்துக்குப் போகும் லாட் விவரம், எடை மேடைக் கேமராப் பதிவு எல்லாமே ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கின்றன. பெட்டி டெல் பவர்வால்ட் எம்டி3200ஐ. 12 டிஸ்க் போடலாம். டிஸ்க்குகளை ஆளும் கன்ட்ரோலர்கள் இரண்டு (எண் 0, 1). ஒவ்வொன்றிலும், நெட்வொர்க் வழியே சர்வருக்கு டிஸ்க் கொடுக்கும் ஒரு கிகாபிட் ஐஸ்கஸி போர்ட் நான்கு.

பல டிஸ்க்குகளை ஒரு குரூப்பாகச் சேர்த்து, அதில் ஒரு பகுதியை சர்வருக்கு ஒரே டிஸ்க்காகக் காட்டுவதுதான் வர்ச்சுவல் டிஸ்க். இதில் அதை உருவாக்க இரண்டு வழி உண்டு. மவுஸால் கிளிக் செய்து போகும் ஸ்டோரேஜ் மேனேஜர் ஒன்று. எஸ்எம்சிஎல்ஐ என்ற கமாண்ட் லைன் இன்னொன்று. ஆரம்பத்திலிருந்தே நான் கமாண்ட் லைன் கட்சி. வேகத்துக்காக அல்ல. வர்ச்சுவல் டிஸ்க் உருவாக்குவது என்ன தினமும் செய்கிற வேலையா? ஆனால் ஒருமுறை செய்தது வருடக்கணக்கில் நிற்கும். எந்த டிஸ்க்கை எதோடு சேர்த்தோம், ஏன் இந்த அளவு, எந்தக் கன்ட்ரோலர் பொறுப்பு என்ற முடிவெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் காரணத்தோடு மிஞ்சுவது கமாண்ட் லைனில் மட்டும்தான். கிளிக் செய்து போட்டால் டிஸ்க் மிஞ்சும், காரணம் மிஞ்சாது.

எங்கள் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் 2 டிபி நியர்லைன் எஸ்ஏஎஸ் டிஸ்க். முதல் நான்கும் கணக்கு டேட்டாபேஸுக்கு, அடுத்த ஏழும் கேமராவுக்கும் பேக்கப்புக்கும், கடைசி ஒன்று ஹாட் ஸ்பேர் (ஏதாவது டிஸ்க் போனால் தானாக அதன் இடத்தை எடுக்கும் உதிரி). முதல் வர்ச்சுவல் டிஸ்க்கை உருவாக்கிய கட்டளை இது. டைப் செய்வது ஆங்கில எழுத்தில். இங்கே உச்சரிப்பில் தருகிறேன்:

கிரியேட் வர்ச்சுவல்டிஸ்க் பிசிகல்டிஸ்க்ஸ்=(0,0 0,1 0,2 0,3) ரெய்டுலெவல்=1 யூசர்லேபிள்="கணக்கு" கெபாசிட்டி=500 ஜிபி ஓனர்=0;

அடைப்புக்குள் ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எண் பெட்டி, இரண்டாவது எண் ஸ்லாட். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா நிற்கும்படி டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை. ரெய்டு 1 ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நகல் (மிரர்) வைக்கும்; ரெய்டு 10 அப்படிப்பட்ட ஜோடிகள் பலவற்றைச் சேர்க்கும். ரெய்டு 10 வேண்டும் என்றாலும் இங்கே 1 என்றுதான் எழுத வேண்டும். நான்கு டிஸ்க் அல்லது அதற்கு மேல் கொடுத்தால், பட்டியலில் உள்ள வரிசையைப் பார்த்துக் கன்ட்ரோலரே ஜோடி ஜோடியாக மிரர் கட்டிக்கொள்கிறது. ஆகவே வரிசைக்கு அர்த்தம் உண்டு. பின்னால் எம்டி1200 மாதிரி இன்னொரு டிஸ்க் பெட்டி சேர்த்தவர்கள் ஜோடி சேரும் முறையைப் பார்த்து வரிசையைக் கொடுத்தால் ஜோடியின் ஒரு பாதி ஒரு பெட்டியிலும் மறு பாதி மற்ற பெட்டியிலும் விழும். ஒரு பெட்டிக்குக் கரண்ட் போனாலும் டேட்டா நிற்கும். டிஸ்க் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டுத் தேர்வைக் கன்ட்ரோலரிடம் விடவும் வழி இருக்கிறது. எனக்கு அது வேண்டாம். நள்ளிரவில் ஆரஞ்சு விளக்கு எரிகிற ஸ்லாட் எந்தக் குரூப்பைச் சேர்ந்தது என்று யோசிக்காமல் சொல்ல முடிய வேண்டும்.

ஏழு டிஸ்க் குரூப்புக்கு ரெய்டு 6. இந்தப் பெட்டியில் அதற்குக் குறைந்தது ஐந்து டிஸ்க் வேண்டும். பெரிய கொள்ளளவு டிஸ்க்கில் ஒன்று போனால், புதியதில் திரும்ப எழுதி முடிக்க நெடுநேரம் ஆகும்; அந்த நேரத்தில் இன்னொன்றும் போனால் ஒரு டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5 கைவிட்டுவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதிரி டிஸ்க் ஏறி வர வேண்டிய ஊர் இது. மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்தால் அன்றைக்கு எதுவும் ஏறாது. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குகிற அமைப்புக்கு ஒரு டிஸ்க் இடத்தைக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. கட்டளை செமிகோலனில் முடிய வேண்டும். லினக்ஸில் மொத்தக் கட்டளையையும் ஒற்றை மேற்கோளில் அடைத்து, உள்ளே பெயருக்கு இரட்டை மேற்கோள் போட்டால் போதும். விண்டோஸில் வெளியே இரட்டை மேற்கோள், உள்ளே பெயரின் இரு பக்கமும் பேக்ஸ்லாஷோடு இரட்டை மேற்கோள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி, மைனஸ் எஃப் போட்டு ஓட்டுங்கள். அதில் மேற்கோள் குழப்பம் இல்லை, இரட்டைச் சாய்வுக்கோடு போட்டுக் குறிப்பும் எழுதலாம். ஓட்டுவதற்கு முன் இலக்கணத்தைத் தானே சரிபார்க்கும். அந்தச் சோதனையை நிறுத்த மைனஸ் ஈ என்று ஒன்று உண்டு; அதைத் தொடவே தொடாதீர்கள். பெயர் 30 எழுத்துக்குள் இருக்க வேண்டும். கெபாசிட்டிக்கு அலகு எழுத மறக்கக் கூடாது, ஏனென்றால் வெறும் எண்ணை அது பைட்டாக எடுத்துக்கொள்ளும். அதன் ஜிபி 1024 கணக்கு என்பதால், 2 டிபி என்று விற்கிற டிஸ்க் இங்கே ஏறக்குறைய 1,862 ஜிபி.

இனி, நீண்ட காலப் பயன்பாட்டில் நான் மிக முக்கியமாக நினைப்பது. முதல் வர்ச்சுவல் டிஸ்க்கை உருவாக்கும்போதே குரூப்பின் முழு இடத்தையும் அதற்குத் தாரை வார்த்துவிடாதீர்கள். இந்தப் பெட்டியில் வர்ச்சுவல் டிஸ்க்கைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. எங்கள் நான்கு டிஸ்க் குரூப்பில் 3,724 ஜிபி இருக்க, கணக்குக்கு 500 மட்டும்தான் கொடுத்தேன். "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே தம்பி" என்று மேனேஜர் கேட்டார். "கிடக்கட்டுங்க சார், தேவைப்படும்" என்றேன். எடை மேடையில் கேமராக்கள் கூடின. விவசாயிகளின் பழைய ரசீதுகளை ஸ்கேன் செய்து வைக்க வேண்டும் என்றார்கள். ரசீதுக்கு அதே குரூப்பில், டிஸ்க் குரூப் எண்ணைக் கொடுத்து, இன்னொரு வர்ச்சுவல் டிஸ்க். கேமராவுக்கு ஆட்கெபாசிட்டி என்ற ஒரு வரி. பிறகு சர்வரில் ஐஸ்கஸி ரீஸ்கேன், மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்குப் பல வழி வைத்திருக்கும் சர்வர் மென்பொருள்) மேப்பைப் பெரிதாக்குவது, கடைசியாக ஃபைல் சிஸ்டம். கேமரா ஒரு நொடிகூட நிற்கவில்லை.

உருவாக்கிய உடனே பிராம்ப்ட் திரும்பிவிடும், டிஸ்க்கையும் உடனே பயன்படுத்தலாம். ஆனால் டிஸ்க்கைத் தயார்ப்படுத்தும் இனிஷியலைஸ் வேலை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஷோ வர்ச்சுவல்டிஸ்க், பெயர், ஆக்ஷன்புராக்ரஸ் என்று கேட்டால் எத்தனை சதவீதம் ஆயிற்று என்று சொல்லும். அது முடியும் முன் வேகத்தை அளந்து பார்த்து "பெட்டி மெதுவாக இருக்கிறது" என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. ரெய்டு லெவலை மாற்றுவதும் ஓடும்போதே முடியும். ஆனால் தொடங்கிய பிறகு நிறுத்த முடியாது. பட்டுவாடா வாரத்தில் அதைத் தொடங்க வேண்டாம்.

எந்தக் கன்ட்ரோலர் பொறுப்பு என்று சொல்லும் ஓனர் என்ற சொல்லை ஸ்கிரிப்டில் விடாமல் எழுதச் சொல்வேன். கணக்குக்கு 0, கேமராவுக்கு 1 என்று நான் பிரித்துவைத்திருக்கிறேன். ஒரு வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் முன் ஒரு ஸ்விட்ச்சின் யூபிஎஸ் படுத்துவிட்டது. கன்ட்ரோலர் 0-க்குப் போகும் வழி அடைபட்டதால் கணக்கு டிஸ்க் கன்ட்ரோலர் 1-க்குத் தாவியது. மேனேஜர் போனில், "தம்பி, எடை மெஷின் ஓடுதா? லாரி கேட்டுக்கு வந்துருச்சு." "ஓடுதுங்க சார், இறக்கச் சொல்லுங்க." எடை ஏறியது, சீட்டு வந்தது, தாவியது யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஷோ ஸ்டோரேஜ்அரே ஹெல்த்ஸ்டேட்டஸ் கேட்டால், வர்ச்சுவல் டிஸ்க் தன் விருப்பப் பாதையில் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மலையில் கரண்ட் வரும், போகும், மறுபடி வரும். அதனால் மல்டிபாத்தில் ஃபெயில்பேக்கை (பழைய கன்ட்ரோலருக்குத் திரும்புவதை) மேனுவலில்தான் வைத்திருக்கிறேன்; டிஸ்க் பந்தாட்டம் ஆட வேண்டாம். எல்லாம் அடங்கிய பிறகு, இலை இறங்காத நேரம் பார்த்து, ரீசெட் ஸ்டோரேஜ்அரே வர்ச்சுவல்டிஸ்க்டிஸ்ட்ரிப்யூஷன் என்ற ஒரே வரி. அவரவர் கன்ட்ரோலருக்கு அவரவர் திரும்பிவிடுகிறார்கள். அன்று மழையில் இணைய இணைப்பும் நொண்டியடித்தது. ஜாவாவில் எழுதிய ஸ்டோரேஜ் மேனேஜரை ரிமோட்டில் திறந்து ஒவ்வொரு திரையாக வரக் காத்திருந்தால் விடிந்திருக்கும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை தரும் இணைப்பு) வழியே வந்த நாலு வரி எழுத்துக்கு அந்த இணைப்பே தாராளம்.

கேஷ் வித்தவுட் பேட்டரி என்று ஓர் அமைப்பு உண்டு. எழுத வேண்டியதை டிஸ்க்கில் சேரும் முன் கன்ட்ரோலர் நினைவகத்தில் தாங்குவது ரைட் கேஷ்; கரண்ட் போனால் அதைக் காப்பது பேட்டரி. பேட்டரி பலவீனமானால் ரைட் கேஷ் நின்று எழுதுவது மெதுவாகும். இதை ட்ரூ ஆக்கினால் வேகம் திரும்பும் என்று ஆசை காட்டும். இந்த ஊர் மின்சாரத்தை வைத்துக்கொண்டு யாரும் அதைச் செய்ய வேண்டாம். விவசாயியின் எடைச் சீட்டு கேஷிலேயே ஆவியாகிப் போனால் அவருக்கு யார் பதில் சொல்வது?

உருவாக்கிய டிஸ்க்கை சர்வருக்கு மேப் செய்வது தனி வேலை. ஹோஸ்ட் பெயர், ஐஸ்கஸி இனிஷியேட்டர் (சர்வரின் ஐஸ்கஸி அடையாளம்), லன் எண் (டிஸ்க் சர்வருக்குத் தெரியும் எண்). இதையும் அதே ஃபைலில் எழுதுங்கள். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் சர்வரைப் பார்த்துவிட்டு, "அண்ணா, 20 எம்பில ஒரு டிஸ்க் தெரியுது, ஃபார்மேட் பண்ணிடவா?" என்றான். அது யுனிவர்சல் எக்ஸ்போர்ட். பெட்டி தன்னை நிர்வகிக்க லன் 31-இல் காட்டுகிற ஆக்சஸ் டிஸ்க். அதில் டேட்டா வைக்க முடியாது, அதைத் தொடவும் தேவையில்லை. இப்போது அதுவும் ஸ்கிரிப்டில் ஒரு குறிப்பாக இருக்கிறது.

சேவ் ஸ்டோரேஜ்அரே கான்ஃபிகரேஷன் என்ற கட்டளை பெட்டியின் மொத்த அமைப்பையும் ஓட்டக்கூடிய ஸ்கிரிப்டாகவே எழுதித் தரும். அருமையான வசதி. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எடுத்து, பெட்டிக்கு வெளியே வைக்கிறேன். ஆனாலும் கையால் எழுதிய ஃபைலுக்கு அது ஈடாகாது. அதில் 500 ஜிபி இருக்கும். ஏன் 500 என்பது இருக்காது.

குறைகளும் உண்டு. இந்தக் கமாண்ட் லைன் பெட்டிக்குள் இல்லை. ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் நிறுவி, அங்கிருந்து இரண்டு கன்ட்ரோலரின் முகவரியையும் கொடுத்துப் பேச வேண்டும். டிஎச்சிபி (தானாக முகவரி தரும் சேவை) கிடைக்காத இடத்தில் அவை 192.168.128.101, 192.168.128.102 என்று வரும். பாஸ்வேர்டை ஸ்கிரிப்டிலோ கட்டளையிலோ அப்படியே எழுத வேண்டியிருக்கிறது, ஆகவே ஃபைலை யார் படிக்கலாம் என்பதில் கண்டிப்பு தேவை. கட்டளைச் சொற்களும் மிக நீளம். இதே வம்சம் எல்எஸ்ஐ எஞ்ஜினியோவிலிருந்து வந்தது, 2011-இல் நெட்ஆப் கைக்குப் போனது. ஐபிஎம் டிஎஸ் வரிசையிலும் நெட்ஆப் இ வரிசையிலும் ஏறக்குறைய இதே நடைதான், ஆனால் சொற்கள் கொஞ்சம் மாறும். அங்கே எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே இங்கே ஒட்டினால் ஓடாது.

மலைவாசிகளுக்கு மட்டும் ஒன்று. இந்தப் பெட்டியின் இயங்கு வெப்பம் 35 டிகிரி வரை என்று ஏட்டில் இருக்கும். 2,950 அடிக்கு மேல் போனால் ஒவ்வொரு 550 அடிக்கும் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. மேலே காற்று மெலிவு, விசிறி தள்ளும் காற்று அதே அளவு சூட்டைத் தூக்காது. கோத்தகிரி உயரத்துக்குக் கிட்டத்தட்ட 3 டிகிரி செல்சியஸ் குறையும். "நம்ம ஊர்ல ஏசி எதுக்கு" என்று சொல்லி டிரையர் சுவரை ஒட்டிய அறையை ஒதுக்குவார்கள்; ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதனால் மேகம் இறங்கும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தி டீஹ்யூமிடிஃபையர் ஓட்டுகிறோம். சலிப்பு அறையிலிருந்து பறந்து வரும் தேயிலைப் பஞ்சு முன்பக்க வலையில் படியும். அதை மாதம் ஒருமுறை துடைக்கிறோம்.

இன்றைக்கு இதை வாங்கலாமா? புதிதாக விற்பனையில் இல்லை, பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. பயிற்சிக்கும் இரண்டாம் பேக்கப்புக்கும் தாராளமாக எடுக்கலாம்; கன்ட்ரோலர் பேட்டரியின் வயதைக் கேட்டுவிட்டு எடுங்கள். தினசரிக் கணக்குக்குப் புதிய பெட்டி வாங்குவதே சரி. டெல்லின் எம்இ4, எம்இ5 வரிசையில் கமாண்ட் லைன் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கிறது, எஸ்எஸ்எச் போட்டு நேராக நுழையலாம். முதலில் ஆட் டிஸ்க்-குரூப், அப்புறம் கிரியேட் வால்யூம் என்று வரிசையும் தெளிவு. எங்கள் அடுத்த பெட்டி அந்த வரிசையில்தான் இருக்கும். மாற்றத்துக்கான ஸ்கிரிப்டைப் பழைய ஃபைலைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டுதான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். கணக்கு, கேமரா, ரசீது மூன்றுக்கும் அளவும் காரணமும் அதிலிருந்து நேராக வருகின்றன.