ஒரே 53 மி.மீ., இரண்டு உலகம்: கிளவுட் 2 எதிர் ஏடி700எக்ஸ் + மாட்மைக்

கேமிங் ஹெட்செட் வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் முதலில் தேடுவது டிரைவர், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் வட்டின் அளவைத்தான். 40, 50, 53 மி.மீ. என்று பெரிதாகப் பெரிதாக ஒலியும் நன்றாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2-ஐயும் ஆடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-ஏடி700எக்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள், பத்து நிமிடத்தில் அந்த நம்பிக்கை போய்விடும். இரண்டிலும் 53 மி.மீ. டிரைவர்தான், ஆனால் கேட்கும்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

காரணம் டிரைவருக்குப் பின்னால் இருக்கிறது. கிளவுட் 2 மூடிய வகை, மெமரி ஃபோம் பேட் காதைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும், காற்று வெளியேற வழியில்லாததால் அடிநாதம் நன்றாக எழும்பும். ஏடி700எக்ஸ் திறந்த வகை, வெளிப்பக்கம் முழுக்க வலை, ஒலி பின்பக்கமாகவும் போய்விடும். அதனால் குண்டு வெடிப்பில் நெஞ்சில் இடிக்கும் உணர்வு இருக்காது. பதிலுக்கு, சத்தம் தலைக்குள் அடைந்து கிடக்காமல் அறைக்குள் பரவி நிற்கிற மாதிரி இருக்கும். அப்புறம் அந்த அதிர்வெண் கணக்கு. ஒன்றில் 15 முதல் 25,000 ஹெர்ட்ஸ், இன்னொன்றில் 5 முதல் 30,000 ஹெர்ட்ஸ். நல்ல இளம் காதுக்கே 20,000-க்கு மேல் கேட்காது, வயது ஏற ஏற அதுவும் குறையும். வாங்கும்போது அந்த எண்களைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

சுடுகிற விளையாட்டுகளில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: காலடி எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். இதைச் சோதிக்க நான் செய்வது இப்படி. வாலரண்ட் என்ற சுடும் விளையாட்டில் தனி அறை திறந்து நண்பரை உள்ளே அழைத்து, என்னைச் சுற்றி நடக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். சத்தம் வரும் திசைக்கு விரலை நீட்டிவிட்டுக் கண்ணைத் திறந்து பார்ப்பேன். இடம், வலம் எந்த மலிவான ஹெட்செட்டிலும் தெரியும், ஏனென்றால் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையே ஒலி வந்து சேரும் நேரத்தில் உள்ள மிகச் சிறு வித்தியாசத்தையே, அதிகபட்சம் 0.7 மில்லிசெகண்ட் அளவுக்குத்தான் இருக்கும், மூளை பிடித்துவிடுகிறது. முன்னா பின்னா, மேலேயா கீழேயா என்பதில்தான் தடுமாற்றம் வரும். அங்கே திறந்த வகை எனக்குத் தெளிவாக முன்னால் நிற்கிறது, அடிநாதம் மெலிந்திருப்பதால் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவிலும் காலடி அமுங்குவதில்லை.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கிளவுட் 2-உடன் வரும் யுஎஸ்பி பெட்டியில் செயற்கைச் சுற்றொலிக்கான 7.1 பொத்தான் இருக்கிறது, ஒப்பிடும்போது அதை அணைத்து வையுங்கள். வாலரண்டில் 2021-லிருந்தே ஹெச்ஆர்டிஎஃப் வசதி உண்டு, இரண்டு காதுக்கு ஏற்றபடி திசையை விளையாட்டே கணக்கிட்டுத் தருகிறது. அதன் மேல் இன்னொரு செயற்கைச் சுற்றொலியை ஏற்றினால் இரண்டும் குழம்பி, எதிரி கிணற்றுக்குள் நடப்பது போல் ஆகிவிடும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் கேட்டுப் பார்க்க வேண்டும், அதன் காம்பு பேடைச் சற்றே தூக்கினாலும் மூடிய வகையின் அடிநாதம் குறைந்துவிடும்.

சரி, மைக். இங்கே தீர்ப்பு சொல்ல வேண்டியவர் மறுமுனையில் இருக்கும் நண்பர், நாம் இல்லை. ஆகவே பதிவு செய்து கேட்க வேண்டும், அதுவும் விளையாடும்போது பேசப் பயன்படுத்தும் டிஸ்கார்ட் செயலியின் கிரிஸ்ப் இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலிக்கூட்டல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு. அவை இயங்கினால் நாம் கேட்பது மென்பொருளின் வேலையை. "பத்துப் பப்பாளிப் பழம்" என்று சொன்னால் காற்று மைக்கில் அடிக்கிறதா என்பது தெரியும், "பஸ் ஸ்டாண்ட்" என்றால் 'ஸ்' கூசுகிறதா என்பது தெரியும். பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு அதையே இன்னொரு முறை.

இந்த விசிறிச் சோதனையில் மேசை மைக் தோற்றுவிடும். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் குறைகிறது. ஹெட்செட்டிலிருந்து நீண்டு வாயிலிருந்து 5 செ.மீ.யில் நிற்கும் குழல் மைக்கை விட 40 செ.மீ. தள்ளி நிற்கும் மைக்குக்கு 18 டெசிபல் குறைவாகப் போகிறது, அதை ஏற்றிச் சரிக்கட்டினால் விசிறியும் கூடவே ஏறிவிடுகிறது. கிளவுட் 2-இன் மைக்கும் சரி, ஏடி700எக்ஸில் நான் தனியாக ஒட்டிக்கொள்ளும் ஆன்ட்லயன் நிறுவனத்தின் மாட்மைக்கும் சரி, வாய்க்குப் பக்கத்தில் நிற்பதால் இதில் தப்பிக்கின்றன. குரலின் இயல்பில் மாட்மைக் எனக்குப் பிடிக்கிறது, நேரில் பேசுகிற நெருக்கம் அதில் இருக்கிறது. காந்தத்தில் ஒட்டிக்கொள்வதால் எந்த ஹெட்போனிலும் மாட்டலாம். ஆனால் ஏடி700எக்ஸின் வலை வழியாக வெளியேறும் ஒலி மைக்குக்கும் கொஞ்சம் போகும், சத்தத்தை ஏற்றி வைத்து விளையாடுகிறவர் என்றால் உங்கள் நண்பருக்கு உங்கள் துப்பாக்கியும் கேட்கும். அப்புறம் இரண்டு ஒயர், இரண்டு செலவு.

மூடிய வகையில் இன்னொரு சங்கடம் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காது, அதனால் தன்னை அறியாமல் கத்துவோம். திறந்த வகையில் அந்தத் தொல்லை இல்லை, வீட்டில் கூப்பிட்டாலும் காதில் விழும்.

புளூடூத் இயர்போன் போதாதா என்று கேட்பவர்களுக்கு, வாலரண்டின் ஹேவன் வரைபடத்தில் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள் என்பேன். ஏ, பி, சி என்று மூன்று இடங்கள். வழக்கமான புளூடூத்தில் மைக்கை இயக்கியதும் இணைப்பு தொலைபேசி முறைக்கு மாறுகிறது, பழைய முறை என்றால் ஒலியை நொடிக்கு 8,000 முறைதான் அளந்து அனுப்பும், அதாவது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. 'ஸ்' ஒலியின் உயிரே அதற்கு மேலேதான் இருக்கிறது. "சி" என்று கத்துவீர்கள், அணிக்கு வெறும் "ஈ" கேட்கும், பாதிப் பேர் பி-க்கு ஓடுவார்கள்.

என் வீட்டில் பகலில் விசிறி, குக்கர் விசில், தெருச் சத்தம், அப்போது கிளவுட் 2. இரவு பதினோரு மணிக்கு மேல் எல்லாரும் தூங்கிய பிறகு ஏடி700எக்ஸ். ஒன்றுதான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால், எந்த நேரத்தில் விளையாடுவீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.