தானியேலின் பலகணியும் நெகேமியாவின் நொடியும்

வேதாகமத்தில் வரும் தானியேல் தினமும் மூன்று வேளை, எருசலேமுக்கு நேரே திறந்த பலகணியருகே முழங்காற்படியிட்டார். குறித்த நேர ஜெபம் மனதுக்கு ஒழுங்கு தரும். ஆனால் ‘ஆமென்’ சொன்னதும் கர்த்தரை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம்.

அதே வேதாகமத்தில் வரும் நெகேமியாவோ, ராஜாவுக்குத் திராட்சரசம் பரிமாறும் அரண்மனைப் பானபாத்திரக்காரர். ராஜா கேள்வி கேட்டதற்கும் தாம் பதில் சொன்னதற்கும் நடுவே ஜெபித்துவிட்டார்! எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கிறது. பருப்பு கொதிக்கையில், பஸ்ஸில் நிற்கையில், கோபத்தில் வாய் திறக்குமுன், “ஆண்டவரே, வாரும்” என்று சொல்ல எவருக்கும் நேரம் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துச் சமையலறையில் சகோதரர் லாரன்ஸ் இப்படித்தான் வாழ்ந்தார்.

ஆனாலும் அந்த நொடிக்கு முன்பே நெகேமியா பல நாள் உபவாசித்து அழுதிருந்தார். ஆகவே காலை ஜெபத்தை நான் விடவில்லை. அதை அடுப்படிக்கும் எடுத்துப் போகிறேன்.