16 வயதில் பி2 உரிமம்: செபராங் பிறைப் பயிற்சிக் கழகம் ஒன்றின் மதிப்பீடு

எங்கள் மகளுக்கு 16 வயது நிறைந்ததும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான பி2 உரிமம் எடுப்பதற்காக, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் உள்ள ஒரு வாகனமோட்டும் பயிற்சிக் கழகத்தில் அவளைச் சேர்த்தோம். கற்றுக்கொடுத்த பயிற்றுநருக்கு நான் தாராளமாக மதிப்பெண் தருவேன். ஆனால், கழகம் சாலைப் பயிற்சி என்ற பெயரில் கொடுத்ததைத் தேர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுத்துத் தேர்வுக்கான ஏற்பாடு நன்றாகவே இருந்தது. கணினியில் வரும் 50 கேள்விகளுள் 42-க்குச் சரியாக விடையளிக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம் என்பதைப் பதிவு முகப்பில் இருந்தவரே எடுத்துச் சொன்னார். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

பயிற்சித் திடலில்தான் அந்தப் பயிற்றுநரின் அருமை தெரிந்தது. தித்தி எனப்படும் குறுகலான மேட்டுப் பாதையின் மீது, பின் பிரேக்கை மெல்ல மிதித்தபடி, விழாமலும் விரையாமலும் கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளை நகர்த்திச் செல்ல வேண்டும். மகள் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டியதால் ஒவ்வொரு முறையும் பாதியில் சாய்ந்தாள். "சக்கரத்தப் பாக்காதம்மா, அது எங்கயும் ஓடிடாது. அந்தக் கடைசிக் கம்பத்தப் பாரு" என்று அவர் பொறுமையாகச் சொல்லி, வண்டியின் பக்கத்திலேயே நடந்து வந்தார். பார்வை உயர்ந்ததும் கைப்பிடியின் நடுக்கம் நின்றது. எட்டு வடிவத் தடத்திலும் அதே பாடம்தான். குரலை உயர்த்தாமல் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர் கிடைப்பது அரிது என்பதைப் பெற்றோர் அறிவார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கழகம் இரவல் கொடுத்த தலைக்கவசங்களில் பலவற்றின் நாடா தளர்ந்திருந்தது. இழுத்து மாட்டினாலும் தாடையில் நிற்கவில்லை. சிரிம் என்ற தரச்சான்று அமைப்பின் முத்திரை பதித்த சொந்தத் தலைக்கவசத்தை வாங்கிக் கொடுத்த பிறகே மகளைத் திடலுக்கு அனுப்பினேன். சாலைப் பயிற்சியோ, வளாக வாயிலைத் தாண்டிப் போக்குவரத்து இல்லாத ஒரு சந்துவரை சென்று திரும்புவதோடு முடிந்தது. லோரியின் இடப்பக்கத்தில் ஓட்டுநர் கண்ணுக்குப் படாத பகுதி எதுவரை நீள்கிறது, மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலை ஏன் அதிகமாக வழுக்குகிறது, சந்திப்பில் எதிரே வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் கார் நம்மைப் பார்த்துவிட்டதா என்பதை எப்படிக் கணிப்பது ஆகியவற்றை அவளுக்கு யாரும் காட்டவில்லை. பிறைத் தொழிற்பேட்டைக்குச் செல்லும் லோரிகளுக்கு இடையில்தான் அவள் நாளை ஓட்டப்போகிறாள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பத்துப் பேருக்கு ஆறு பேருக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை அறிந்த எந்தப் பெற்றோருக்கும் இது சிறு குறையாகத் தோன்றாது.

வயது வரம்பை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மோட்டார் சைக்கிளுக்கு 16, காருக்கு 17 வயது போதும். சிங்கப்பூரில் 18 வயதுக்கு முன் மோட்டார் சைக்கிள் உரிமம் கிடையாது. அப்போதும் முதலில் கிடைப்பது 200 சிசி வரையிலான 2பி வகுப்பு மட்டுமே, அதை வைத்து ஓராண்டு கடந்த பிறகே 400 சிசி வரையிலான 2ஏ வகுப்புக்குப் போகலாம். நம் பி2 உரிமமோ 16 வயதுப் பிள்ளைக்கு எடுத்த எடுப்பிலேயே 250 சிசி வரை ஓட்டும் உரிமையைத் தந்துவிடுகிறது. சிங்கப்பூரிலிருந்து நாம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் படிமுறையைத்தான் என்பேன். பேருந்து அரிதாக வரும் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) வசிக்கும் குடும்பங்களுக்குப் பள்ளிக்கும் பகுதிநேர வேலைக்கும் கப்சாயை விட்டால் வேறு வழியில்லை. வயதை மட்டும் உயர்த்தினால், இன்றே உரிமமில்லாமல் ஓட்டும் பிள்ளைகளின் கூட்டம் இன்னும் பெருகும். 16 வயதினருக்குச் சிறிய இயந்திரம், கட்டாயமான உண்மைச் சாலைப் பயிற்சி, புதிய உரிமத்தின் நன்னடத்தைக் காலமான இரண்டாண்டுகளும் கண்டிப்பான கண்காணிப்பு என்று உரிமத்தை இறுக்குவதை நான் மனமார ஆதரிக்கிறேன். அதனால் கட்டணம் கூடினாலும் கொடுப்பேன்.

இந்தக் கழகத்தைப் பரிந்துரைப்பேனா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அந்தப் பயிற்றுநரிடமே இடம் கிடைத்தால் சேர்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன், சாலைப் பயிற்சி எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எத்தனை பேருக்கு ஒரு பயிற்றுநர் என்ற கணக்கில் நடக்கும் என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுதேர்வுக்கு இங்கே தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்; அதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.